உயரம் மட்டும் அழகாகுமா?

திருச்சியை நெருங்கும் ரெயிலில் ஒரு காட்சியைக் காணலாம்.

அதுவரை தூங்கிக்கொண்டிருந்த பிள்ளைகளைத் தாய்மார்கள் தட்டி எழுப்புவார்கள். "அதோ பார், மலைக்கோட்டை!" என்று கையை நீட்டுவார்கள். முதியவர்கள் உட்கார்ந்த இடத்திலேயே உச்சிப்பிள்ளையாரைக் கும்பிடுவார்கள். மூட்டை முடிச்சுகள் கீழே இறங்கும்.

ஸ்டேஷன் இன்னும் வரவில்லை. பெயர்ப் பலகையும் கண்ணில் படவில்லை. ஆனாலும், "ஊர் வந்துவிட்டது" என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

எப்படித் தெரிந்தது? வானத்தை ஒட்டி நிற்கும் அந்தப் பாறையின் உருவம் சொல்லிவிட்டது!

ஒவ்வொரு ஊருக்கும் இப்படி ஒரு தூரத் தோற்றம் உண்டு. கட்டிடங்களின் உச்சிகளும், கோபுரங்களும், மரங்களும் சேர்ந்து வானத்தில் ஒரு கோடு போடுகின்றன. அந்தக் கோடுதான் ஊரின் முகம்.

சில ஊர்களின் முகம் ஒரு முறை பார்த்தாலே மனதில் பதிந்துவிடுகிறது. சில ஊர்களை எத்தனை முறை பார்த்தாலும் முகம் நினைவில் நிற்பதில்லை. காரணம் என்ன?

"உயரமான கட்டிடங்கள் இருந்தால் ஊர் கம்பீரமாக இருக்கும். இல்லாவிட்டால் பட்டிக்காடு போல் இருக்கும்" என்று பலர் நினைக்கிறார்கள்.

அது தவறு. மலைக்கோட்டைப் பாறையின் உயரம் சுமார் 273 அடிதான். அதைவிட உயரமான அடுக்குமாடிகள் இன்று எத்தனையோ உண்டு. அவற்றைப் பார்த்து யாரும் பிள்ளையைத் தட்டி எழுப்புவதில்லை!

177 அடி கதாநாயகன்

சென்னை மவுண்ட் ரோட்டில் எல்.ஐ.சி. கட்டிடம் 1959-ம் ஆண்டு திறக்கப்பட்டது. உயரம் 177 அடி. அன்று அதைப் பார்ப்பதற்கென்றே வெளியூர்க்காரர்கள் வந்தார்கள். அண்ணாந்து பார்த்து மாடிகளை எண்ணினார்கள்.

கிராமத்து இளைஞன் பட்டணத்துக்கு வருகிறான் என்று சினிமாவில் காட்ட வேண்டுமா? சென்ட்ரல் ஸ்டேஷனையும் எல்.ஐ.சி. கட்டிடத்தையும் காட்டினால் போதும். வசனமே வேண்டாம். கொட்டகையில் இருந்த அத்தனை பேருக்கும் "இது சென்னை" என்று புரிந்துவிடும்.

1975-ம் ஆண்டு அந்தக் கட்டிடத்தில் தீப்பிடித்தது. பின்னர் செப்பனிடப்பட்டு, இன்றும் அது நிற்கிறது.

இப்போது பழைய மாமல்லபுரம் சாலையில் அதைவிட உயரமான குடியிருப்புகள் வரிசையாக நிற்கின்றன. ஆனால் ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் வித்தியாசம் தெரிவதில்லை. ஒரே அச்சில் அறுத்த செங்கல்லைச் செங்குத்தாக நிறுத்தி வைத்தது போல் இருக்கின்றன. அந்த வரிசையைப் படம் பிடித்துக் காட்டினால், எந்த ஊர் என்று சொல்ல முடியாது.

எல்லோரும் ஒரே உயரம் என்றால் தலைவன் யார்? கூட்டத்தில் ஒரு தலை தனித்துத் தெரிய வேண்டும். இது முதல் இலக்கணம்.

நியூயார்க்கில் போட்ட சட்டம்

"அப்படியானால் நியூயார்க் அழகாக இல்லையா? அங்கே எல்லாமே உயரம்தானே?" என்று கேட்கலாம்.

நியூயார்க் அழகுதான். அதற்குப் பின்னால் ஒரு சட்டம் இருக்கிறது.

1915-ம் ஆண்டு அந்த நகரில் ஒரு பெரிய அலுவலகக் கட்டிடம் எழுந்தது. அடி முதல் நுனி வரை சுவர் போல் நேராக ஏறியது. அதன் நிழல் தெருக்களை மூடியது. பக்கத்துக் கட்டிடங்களில் இருந்தவர்கள் வெளிச்சம் போய்விட்டது என்று முறையிட்டார்கள்.

அடுத்த ஆண்டே, 1916-ல், நகராட்சி ஒரு சட்டம் போட்டது. உயரமாகக் கட்டுவோர், மேலே போகப் போகக் கட்டிடத்தைப் படிப்படியாக உள்ளே இழுத்துக் கட்ட வேண்டும். தெருவுக்கு வெயிலும் காற்றும் கிடைக்க வேண்டும். இதுதான் சட்டம்.

அதனால்தான் அங்கே பல கட்டிடங்கள் அடியில் அகன்று, மேலே ஒடுங்கி நிற்கின்றன. 1931-ல் திறக்கப்பட்ட 102 மாடி எம்பயர் ஸ்டேட் கட்டிடமும் அப்படிப்பட்டதுதான். அது வானத்தை மறைக்கவில்லை, வானத்துக்குள் நுழைகிறது.

நம் கோபுரங்களும் அப்படித்தானே இருக்கின்றன? அடியில் அகலம், மேலே குறுகல், உச்சியில் கலசம். எத்தனை உயரமானாலும் பார்ப்பவர் மீது சாய்வது போல் தோன்றாது.

நல்ல உருவம் வேண்டும். இது இரண்டாவது இலக்கணம்.

பாரீஸ் மக்களின் கோபம்

பாரீஸ் நகரில் ஈபெல் கோபுரம் 1889-ல் கட்டி முடிக்கப்பட்டது. அதைக் கட்டத் தொடங்கியபோது எழுத்தாளர்களும் கலைஞர்களும் எதிர்த்து அறிக்கை விட்டார்கள். பிறகு மக்கள் அதை நேசித்தார்கள். இன்று அது இல்லாத பாரீசை நினைக்க முடியாது.

அதே பாரீசில் 1973-ம் ஆண்டு மோன்பர்னாஸ் என்ற இடத்தில் 210 மீட்டர் உயரத்தில் ஓர் அலுவலகக் கட்டிடம் எழுந்தது. கறுத்த பெட்டி போன்ற கட்டிடம். ஈபெல் கோபுரத்தைவிட அது குள்ளம்தான். ஆனாலும் மக்கள் அதை ஏற்கவில்லை.

"பாரீசின் அழகைப் பார்க்க வேண்டுமானால் அந்தக் கட்டிடத்தின் உச்சிக்குப் போங்கள். அங்கிருந்து பார்த்தால்தான் அந்தக் கட்டிடம் கண்ணில் படாது!" என்று கேலி பேசினார்கள்.

1977-ல் நகரின் பல பகுதிகளில் கட்டிட உயரத்துக்குக் கடுமையான கட்டுப்பாடு வந்தது.

ஒன்றை வெறுத்து மற்றொன்றை நேசித்தது ஏன்? ஈபெல் கோபுரம் ஆற்றங்கரையில், திறந்தவெளியில் நிற்கிறது. அதன் கம்பிகளுக்கு இடையே வானம் தெரிகிறது. மற்றதோ, தாழ்ந்த வீடுகளுக்கு நடுவே போய் நின்றுகொண்டு, வழியை மறைக்கும் முரடனைப் போல் இருக்கிறது.

பார்க்க இடம் வேண்டும்

மூன்றாவது இலக்கணத்தைத்தான் பெரும்பாலோர் மறந்துவிடுகிறார்கள். எத்தனை அழகான உருவமானாலும், தள்ளி நின்று பார்க்க இடம் வேண்டும்.

மயிலாப்பூர் கபாலீசுவரர் கோவில் கோபுரம் சுமார் 120 அடி உயரம். பக்கத்துத் தெருவில் நின்றால் மாடிகளும் விளம்பரப் பலகைகளும் மறைக்கின்றன. தெப்பக்குளத்தின் கரைக்குப் போனால், கோபுரம் முழுமையாகத் தெரிகிறது. தண்ணீர் நிறைந்திருந்தால் நிழலும் தெரிகிறது. குளத்தைத் தூர்த்தால், கோபுரத்தையும் பாதி இடித்ததாகத்தான் பொருள்!

ஹாங்காங்கில் கட்டிடங்கள் நெருக்கியடித்து நிற்கின்றன. இருந்தும் காண்பவர் வியக்கிறார்கள். முன்னால் கடல் இருக்கிறது. பின்னால் மலை இருக்கிறது. படகில் இருந்து பார்த்தால் எல்லாம் ஒரே பார்வையில் அடங்குகிறது.

லண்டன்காரர்கள் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். 365 அடி உயரமுள்ள செயின்ட் பால் தேவாலயம் அந்த நகரின் அடையாளம். 1940-ல் எதிரி விமானங்கள் குண்டு வீசியபோது, புகைக்கு நடுவே அந்தக் கோவிலின் கும்மட்டம் மட்டும் தெரிந்தது. அதைப் பார்த்து மக்கள் தைரியம் கொண்டார்கள்.

அதை மறைக்காமல் இருக்க 1938 முதலே அங்கே கட்டுப்பாடு உண்டு. சுமார் 10 மைலுக்கு அப்பால் ரிச்மண்ட் பூங்காவில் ஒரு மேடு இருக்கிறது. அங்கிருந்து வேலியின் ஒரு சிறு இடைவெளி வழியாகப் பார்த்தால் கும்மட்டம் தெரியும். அந்தப் பார்வைக்கு இன்றும் சட்டப் பாதுகாப்பு இருக்கிறது.

மகனுக்கு ஒரு மாடி

இதையெல்லாம் கேட்டு, "அழகு சோறு போடுமா? குடியிருக்க வீடு வேண்டாமா?" என்று ஒருவர் கேட்டால், அது நியாயமான கேள்விதான்.

மதுரையைப் பார்க்கலாம். மீனாட்சி அம்மன் கோவிலைச் சுற்றி 1 கிலோ மீட்டருக்குள் 9 மீட்டருக்கு மேல் கட்டிடம் எழக்கூடாது என்று 1997-ல் அரசு ஆணையிட்டது. 9 மீட்டர் என்றால் சுமார் 30 அடி. கோவிலின் தெற்குக் கோபுரம் 170 அடி. சுற்றிலும் தாழ்ந்து நின்றால்தான் அது ஓங்கித் தெரியும்.

ஆணை நல்ல ஆணை. ஆனால் அதன் சுமையைத் தாங்குவது யார்? அங்கே சிறு வீடு வைத்திருப்பவர்தான். தரைத் தளமும் இரண்டு மாடியும் கட்டிவிட்டார். கடைசி மகனுக்குக் கல்யாணம் ஆகிறது. இன்னொரு மாடி எழுப்ப முடியாது. அதே வட்டத்துக்குள் விதியை மீறி எழுந்த பெரிய கட்டிடங்களைப் பற்றி உயர்நீதிமன்றம் வரை வழக்குகள் போயின. இதைப் பார்க்கும் சிறு வீட்டுக்காரர் மனம் எப்படி இருக்கும்?

ஊர் முழுவதற்கும் உரிய அழகுக்காக ஒரு தெருக்காரர் மட்டும் விட்டுக்கொடுக்கிறார் என்றால், ஊர் அவருக்கு நன்றி காட்ட வேண்டும். வீட்டு வரியைக் குறைக்கலாம். வேறு இடத்தில் கட்டிக்கொள்ளச் சலுகை தரலாம். அதே சமயம், விதி பெரியவருக்கும் சிறியவருக்கும் ஒன்றாக இருக்க வேண்டும். இது இரண்டும் இல்லாவிட்டால், எந்த விதியும் நிலைக்காது.

புதியது வேண்டாம் என்பதல்ல

புதிதாக உயர்ந்து கட்டவே கூடாது என்பதல்ல. ஸ்ரீரங்கம் ராஜகோபுரம் பல நூற்றாண்டுகள் அடித்தளத்தோடு நின்று, மொட்டையாகக் கிடந்தது. 1987-ல்தான் 13 நிலைகளோடு, 236 அடி உயரத்தில் எழுந்து முடிந்தது. பலருடைய நன்கொடை அதில் சேர்ந்தது. இன்று அது அந்த ஊரோடு பிறந்தது போல் நிற்கிறது.

ஆகவே, வீடுகள் உயரட்டும். அலுவலகங்களும் உயரட்டும். ஆனால் உயர்ந்த கட்டிடத்துக்கு அனுமதி கேட்டு ஒரு வரைபடம் வரும்போது, அதிகாரிகள் இன்னும் ஒரு கேள்வி கேட்க வேண்டும். "இது எழுந்தால், எதை மறைக்கும்?" என்பதே அந்தக் கேள்வி.

அதைக் கேட்காமல் கையெழுத்துப் போட்டால், நாளை ரெயிலில் வரும் தாய், தூங்கும் பிள்ளையைத் தட்டி எழுப்புவாள். ஆனால் எதைக் காட்டுவது என்று தெரியாமல் விழிப்பாள்!