வரி எஜமானிக்கு, வெட்டு வேலைக்காரிக்கு!

சென்ற மாதம் நம் சங்கக் கூட்டத்தில் நண்பர் ஒருவர் எழுந்து ஒரு யோசனை சொன்னார். திருவனந்தபுரத்தில் வேலைக்காரி வைத்திருக்கும் ஒவ்வொரு வீட்டுக்கும் மாதாமாதம் ஒரு வரி போடும்படி சர்க்காரிடம் மனுக் கொடுப்போம். காரும் மாடியும் வைத்திருப்பவன் கட்டட்டும், அந்தப் பணம் நம் பெண்களின் நலநிதிக்குச் சேரட்டும் என்றார். பலத்த கைதட்டல். நானும் தட்டினேன். தட்டிய கைக்குப் பரிகாரமாகத்தான் இதை எழுதுகிறேன்.

நண்பரின் நோக்கத்தை நான் சந்தேகிக்கவில்லை. அவருடைய தாயாரும் என் தாயாரும் பத்துப்பாத்திரம் தேய்த்துத்தான் எங்களைப் படிக்க வைத்தார்கள். ஆனால் வரி யார் பெயரில் எழுதப்படுகிறது என்பது ஒன்று. யார் வயிற்றில் அடிக்கிறது என்பது வேறொன்று.

இந்த வரி புதிதும் அல்ல. அமெரிக்கப் போருக்குப் பணம் தேடிய பிரிட்டிஷ் பிரதமர் நார்த் பிரபு, 1777-ல் ஆண் வேலைக்காரன் ஒருவனுக்கு ஆண்டுக்கு ஒரு கினி என்று வரி விதித்தார். போர் தோற்றது, கடன் நின்றது. 1785-ல் இளைய பிட் பெண்களையும் கணக்கில் இழுத்தார். ஒரு வேலைக்காரி என்றால் இரண்டரை ஷில்லிங். இருவர் என்றால் தலைக்கு ஐந்து. மூன்று பேரோ அதற்கு மேலோ என்றால் தலைக்குப் பத்து. கல்யாணம் ஆகாத ஆண்பிள்ளையின் வீடு என்றால் இருமடங்கு! சாதாரணக் கடைக்காரன் வீட்டிலும் ஒரு வேலைக்காரி இருந்த காலம் அது. ஆகவே எதிர்ப்புக் கிளம்பியது. ஏழே ஆண்டில், 1792-ல், வரி போயிற்று. சீமான்களின் வாசலில் நின்ற ஆண் சேவகர்கள் மீதான வரியோ 1937 வரை நீடித்தது.

இந்தக் கணக்கில் அவளுடைய கூலி எங்கே? அவளுடைய ஓய்வு நேரம் எங்கே? வண்டிக்கு வரி, குதிரைக்கு வரி, வேலைக்காரிக்கு வரி. மூன்றும் ஒரே பேரேட்டில்! எஜமானின் உடைமையாக அவளை எண்ணினார்களே ஒழிய உழைப்பாளியாக எண்ணவில்லை.

நம் திருவிதாங்கூர் இன்னும் ஒரு படி மேலே போயிற்று. அங்கே எஜமானன் தலையில் வரி இல்லை. உழைத்தவன் தலையிலேயே வரி. தலைவரி, பனைவரி என்று நாடார், ஈழவர் முதலிய சாதிகளிடம் பிடுங்கியது போதாதென்று, கூலியில்லா ஊழியம் வேறு. அடிமை முறை ஒழிந்தது 1855-ல். சாதிக்கொரு வரியாகக் கிடந்த நூற்றுக்கும் மேற்பட்ட சில்லறை வரிகள் நீங்கியது 1865-ல். தென் திருவிதாங்கூரிலிருந்து, அதாவது இன்றைய குமரி மாவட்டத்திலிருந்து வந்த நம் குடும்பங்களுக்கு இதை விளக்கவும் வேண்டுமோ?

பழங்கதை என்று தள்ளுகிறவர்கள் ஹாங்காங்கைப் பாருங்கள். அங்கே 2003-ல் அரசு ஓர் உத்தரவு போட்டது. வெளிநாட்டு வீட்டுப் பணிப்பெண் வைத்திருக்கும் வீடு, மாதம் 400 டாலர் வரி கட்ட வேண்டும். அக்டோபரில் அமல். ஆனால் அதற்கு முன்பே, அதே ஆண்டு ஏப்ரலில், அந்தப் பெண்களின் குறைந்தபட்சச் சம்பளம் 3,670 டாலரிலிருந்து 3,270 ஆகக் குறைக்கப்பட்டது. கழித்துப் பாருங்கள் தோழர்களே! சரியாக 400! வீட்டுக்காரனுக்கு ஒரு காசு நஷ்டமில்லை. இந்தோனேசியாவிலும் பிலிப்பைன்ஸிலும் பிள்ளைகளை விட்டு வந்தவள் வரியைக் கட்டினாள். 2008 ஆகஸ்டில் வரியை நிறுத்தி வைத்தார்கள். ஆனால் வெட்டிய சம்பளம் பழைய 3,670-ஐத் தாண்ட 2011 ஆயிற்று. வரிக்கு விடுமுறை உண்டு, வெட்டுக்குக் கிடையாது போலும்!

நம் சொந்தக்காரப் பெண்களும் போகிற சிங்கப்பூரில் 1984 முதல் இந்த வரி இருக்கிறது. முதல் பணிப்பெண்ணுக்கு இன்று மாதம் 300 வெள்ளி. குழந்தையோ முதியவரோ உள்ள வீட்டுக்கு 60 வெள்ளிதான். சலுகை வீட்டுக்கு, அவளுக்கு என்ன? தொண்ணூறுகளில் பல வீடுகளில் அவள் கையில் வாங்கிய சம்பளத்தைவிட அவள் பெயரில் கட்டிய வரி அதிகமாக இருந்தது. அவளுக்கென்று சட்டப்படியான குறைந்தபட்சச் சம்பளம் அந்நாட்டில் இன்றும் இல்லை.

அவ்வளவு தூரம் போவானேன்? காலைப் பாசஞ்சரில் குழித்துறை, இரணியல் பக்கமிருந்து வந்திறங்கும் பெண்கள் என் கவுண்டரில்தான் சீசன் டிக்கெட் எடுக்கிறார்கள். அதில் ஒரு அக்காவுக்கு வேலை செய்யும் வீட்டில் பஸ் காசு தர ஒப்புக்கொண்டார்கள். அந்த ஓணத்துக்குச் சேலை இல்லை! "அவிய கையில இருந்து போற காசு எதுவானாலும் கடசியில நம்ம கூலியிலதான் அண்ணே வந்து நிக்கும்" என்றார். பிட்டுக்கும் ஹாங்காங் அதிகாரிகளுக்கும் இந்தப் பொருளாதாரம் தெரியாதா என்ன?

"சுமட்டுத் தொழிலாளிக்கு மட்டும் லெவி இல்லையா?" என்று நண்பர் கேட்பார். நியாயமான கேள்வி. 1978-ஆம் ஆண்டின் கேரளச் சுமட்டுத் தொழிலாளர் சட்டப்படி, திட்டம் நடப்பிலுள்ள இடங்களில் வியாபாரி கூலியையும் அதற்கு மேல் லெவியையும் சேர்த்துக் கட்டுகிறான். ஆனால் அங்கே கூலி முதலில் நிர்ணயமாயிற்று, அட்டை வந்தது, கேட்பதற்குச் சங்கம் நின்றது. அதன் மேல் ஏறிய லெவி கூலியைத் தின்ன முடியவில்லை. தனி வீட்டுச் சமையலறையில் தனியாக நிற்கும் பெண்ணுக்கு இவற்றில் எது இருக்கிறது? கேரளத்தில் வீட்டு வேலைக்கும் குறைந்தபட்சக் கூலி அரசாணையில் உண்டு. அது எவ்வளவு என்று தெரிந்த வேலைக்காரி எத்தனை பேர்? வீட்டுப் பணியாளர்களுக்கான 189-ஆம் உடன்படிக்கையைச் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2011-லேயே நிறைவேற்றியது. இந்தியா இன்னும் அதை ஏற்று உறுதி செய்யவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், கோபித்துக்கொள்ளாதீர்கள். நம் சங்கத்திலேயே கடை வைத்து, வீடு கட்டி, நம் ஊர்ப் பெண்ணையே வேலைக்கு வைத்திருப்பவர்கள் உண்டு. அன்று முன்வரிசையில் கைதட்டியவர்களில் சிலர் அவளுக்கு வாரத்தில் ஒரு நாள் லீவு கொடுத்துவிட்டா தட்டினார்கள்?

ஆகவே வருகிற கூட்டத்தில் அந்தத் தீர்மானத்துக்கு நான் திருத்தம் கொண்டு வருகிறேன். முதலில் கூலி, எழுத்தில். வாரம் ஒரு நாள் ஓய்வு, சம்பளத்தோடு. ஒவ்வொருத்திக்கும் அவள் பெயரில் பதிவும் அட்டையும். இவை மூன்றும் நடந்த பிறகு, கூலியில் கைவைக்க முடியாத நிபந்தனையோடு, லெவி பற்றிப் பேசுவோம். இந்தத் தடவை தாய்மார்களும் சகோதரிகளும் தவறாமல் வர வேண்டும். எந்தப் பகுதி, எத்தனை வீடு, எத்தனை மணி நேரம், என்ன சம்பளம், கடைசியாகச் சம்பளம் கூடியது எந்த வருஷம் என்று ஒரு தாளில் குறித்து வாருங்கள். எழுதத் தெரியாதவர்கள் சொன்னால் போதும். மேஜையும் நோட்டும் போட்டு நான் உட்கார்ந்திருப்பேன்.