ஆவாரை களைச்செடியா?



போன மாதம் மைதானத்தைச் சுத்தம் செய்தோம் அல்லவா? சுவர் ஓரத்தில் நின்ற ஆவாரைச் செடிகளையும் "காடு மாதிரி கிடக்கு" என்று வெட்டிப் போட்டோம். நானும் மூன்று செடி வெட்டினேன். வீட்டில் போய்ப் பெருமையாகச் சொன்னேன். எங்க ஆச்சி, "ஏட்டி, தண்ணியே ஊத்தாம பூக்குத செடிய எதுக்கு வெட்டினிய?" என்று கேட்டாங்க. எனக்குப் பதில் வரவில்லை.

மறுநாள் தேரிப் பக்கம் ஒரு ஆவாரையை உட்கார்ந்து பார்த்தேன். அது முள் இல்லாத புதர்ச்செடி. ஒரு காம்பின் இரண்டு பக்கமும் சின்னச் சின்ன இலைகள் ஜோடி ஜோடியாக இருக்கும். காம்பு தண்டோடு சேரும் இடத்தில் காது மாதிரி இரண்டு இலைச் செதில்கள். அதனால்தான் அதன் அறிவியல் பெயர் சென்னா ஆரிகுலேட்டா. ஆரிகுலேட்டா என்றால் காது உள்ளது என்று அர்த்தம். பூவுக்கு மஞ்சள் இதழ் 5, மகரந்தத் தாள் 10. பூவில் தேன் கிடையாது. வண்டு வந்து ரீங்காரம் போட்டு அதிர வைத்தால்தான் மகரந்தம் கொட்டும். காய் தட்டையாக, காய்ந்தால் காகிதம் மாதிரி இருக்கும்.

இதன் சொந்தக்காரச் செடிகள் தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலையிலும் மஞ்சளாகப் பூக்கின்றன. ஆனால் அவ்வளவு தூரம் போக வேண்டாம். நம்ம பக்கத்துக் கரிசல் நிலத்தில் விளையும் நிலாவாரையும் (நிலவாகை என்றும் சொல்வார்கள்) சென்னா இனம்தான். அதன் இலை வயிற்று மருந்துக்காகத் தூத்துக்குடி துறைமுகம் வழியாக வெளிநாடு போகிறது. வியாபாரத்தில் அதற்குத் 'திருநெல்வேலி சென்னா' என்றே பெயர். ஒன்றைக் கப்பலில் ஏற்றுகிறோம். அதன் உடன்பிறப்பை மண்வெட்டியால் வெட்டுகிறோம்! இது நியாயமா?

கபிலர் குறிஞ்சிப்பாட்டில் சொன்ன 99 பூக்களில் ஆவிரையும் ஒன்று. பொங்கலுக்குப் பல ஊர்களில் காப்புக் கட்டுவது இந்தப் பூவை வைத்துத்தான். இதன் பட்டையைத் தோல் பதனிடப் பயன்படுத்தினார்கள். 2014-இல் உருவான தெலங்கானாவுக்கு இதுதான் மாநிலப் பூ. அங்கே பதுக்கம்மா பண்டிகையில் இதை அடுக்கி வைத்துக் கும்பிடுகிறார்கள்.

"புதர் இருந்தால் பாம்பு வருமே" என்று சில தோழிகள் கேட்டாங்க. அதுவும் சரிதான். அதனால் எல்லாவற்றையும் வளர்க்கச் சொல்லவில்லை. அடியில் சருகு சேராமல் பெருக்கி, கிளையைக் கழித்து விட்டால் போதும். விலை கொடுத்து வாங்கின பூச்செடிக்குத் தினமும் குடம் சுமக்கிறோம். லீவு விட்டால் அது வாடிப் போகுது. ஆவாரை முழுப் பரீட்சை லீவிலும் நம்மை எதிர்பார்க்காது.

நான் வெட்டின மூன்றில் ஒரு கட்டையில் இப்போ துளிர் வந்திருக்கு. தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், நீங்களே போய்ப் பாருங்க. அதையாவது விட்டு வைப்போம். பக்கத்தில் 'ஆவாரை' என்று ஒரு அட்டை எழுதி நட ஆசிரியர்கள் அனுமதி தர வேண்டும். அட்டை நானே எழுதுகிறேன்.

பெயர் தெரியாத செடி எல்லாம் களை ஆகிவிடாது. சிந்திப்போம்!



– ஒன்பதாம் வகுப்பு மாணவி