கடன் வாங்கிப் புதுநன்மை எதற்கு?

கோடை விடுமுறை தொடங்கியதும் தென் மாவட்டக் கத்தோலிக்கப் பங்குகளில் புதுநன்மைக்கான ஆயத்தமும் தொடங்கிவிடும். மூன்றாம் வகுப்பு, நான்காம் வகுப்பு முடித்த பிள்ளைகள் காலையில் கோயில் வளாகத்தில் கூடி மந்திரங்களை மனப்பாடம் செய்வார்கள். பாவசங்கீர்த்தனம் செய்யும் முறையைப் பழகுவார்கள். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை வெள்ளுடை உடுத்தி, கையில் மெழுகுவர்த்தி ஏந்தி, முதல்முறையாக நற்கருணை வாங்குவார்கள். பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வுபெற்ற நான், தாமிரபரணிக் கரையிலுள்ள எங்கள் பங்கில் இந்தப் பிள்ளைகளுக்கு நெடுங்காலமாகப் பாடம் சொல்லிக்கொடுத்து வருகிறேன். அந்த உரிமையில் எழுதுகிறேன்: புதுநன்மை பணம் உள்ளவர்களின் விழாவாக மாறிக்கொண்டிருக்கிறது. இதை நிறுத்த வேண்டிய கடமை ஒவ்வொரு பங்குக்கும் இருக்கிறது.

பிற சமயத்து வாசகர்களுக்காகச் சில வரிகள். இயேசு தாம் இறப்பதற்கு முந்திய இரவில் சீடர்களோடு பந்தியமர்ந்து, அப்பத்தைப் பிட்டுக் கொடுத்து, இதைத் தம் நினைவாகச் செய்யுங்கள் என்றார். அந்தப் பந்திதான் ஒவ்வொரு திருப்பலியிலும் தொடர்கிறது. குரு அர்ச்சிக்கும் அப்பமும் திராட்சை இரசமும் கிறிஸ்துவின் உடலாகவும் இரத்தமாகவும் மாறுகின்றன என்பது எங்கள் விசுவாசம். இரண்டாம் வத்திக்கான் சங்கம் நற்கருணையைக் கிறிஸ்தவ வாழ்வு முழுவதற்கும் ஊற்றும் உச்சமும் என்று சொன்னது. ஒரு பிள்ளை அந்தப் பந்தியில் முதல்முறை சேரும் நாளே புதுநன்மை நாள்.

அப்பம் எப்படித் தயாராகிறது என்று பிள்ளைகளுக்குக் காட்டுவதற்காக அருகிலுள்ள கன்னியர் மடத்துக்கு அவர்களை அழைத்துப்போவது வழக்கம். கோதுமை மாவு, தண்ணீர், அவ்வளவுதான். உப்பு கிடையாது, புளிப்பேற்றுவதும் கிடையாது. கரைத்த மாவைச் சூடான இரும்புத் தட்டில் ஊற்றி மூடினால், காகிதம் போல மெல்லிய தகடாக வெந்து வரும். அதைச் சற்று ஈரம் ஏறவிட்டு, பிறகு வட்ட வட்டமாக வெட்டியெடுப்பார்கள். வெட்டியதில் மிஞ்சும் ஓரத் துண்டுகளை சிஸ்டர் பிள்ளைகளின் உள்ளங்கையில் அள்ளி வைப்பார். ஒரு தடவை ஒரு பையன் மென்று பார்த்துவிட்டு, “டீச்சர், இதுல ருசியே இல்லையே” என்றான். “எல்லாருக்கும் ஒரே மாதிரிதான் இருக்கும், ராசா” என்றேன். நற்கருணையைப் பற்றி நான் நடத்தும் பாடத்தின் சாரம் இதுதான். நகைக்கடை முதலாளிக்கும் அவர் கடையைப் பெருக்கும் அம்மாவுக்கும் அதே அளவு, அதே மாவு, அதே பாத்திரம். ஊரில் வேறெந்தப் பந்தியிலும் காண முடியாத சமம் இது.

இந்தச் சமம் பீடத்தண்டையில் மட்டும் இருக்கிறது. கோயில் வாசலைத் தாண்டினால் வேறு கதை. வாடகைக்கு எடுத்த கவுன், கிரீடம், வலைத்துணி. பையன்களுக்குக் கோட்டு சூட்டு. தெருமுனையில் பிள்ளையின் படத்தோடு ஃப்ளெக்ஸ். மண்டபம், பிரியாணி, வீடியோ. திருப்பலி நடக்கும்போதே, பிள்ளை நன்மை வாங்கும் அந்தக் கணத்தில், பிள்ளைக்கும் குருவுக்கும் நடுவில் கேமராவோடு நுழைகிறவர்களையும் பார்க்கிறோம். இதெல்லாம் யாரும் போட்ட சட்டமல்ல. ஆனால் ஒரு வீட்டில் செய்தால் அடுத்த வீடும் செய்தாக வேண்டும் என்றாகிவிட்டது. செய்ய முடியாதவர்கள் என்ன செய்கிறார்கள் என்பதை மறைக்கல்வி ஆசிரியர்களாகிய நாங்கள்தான் அருகிலிருந்து பார்க்கிறோம்.

பீடி சுற்றிப் பிழைக்கும் ஒரு தாய் வகுப்பு முடியும்வரை வேப்பமரத்தடியில் காத்திருந்து என்னிடம் வந்தாள். “டீச்சர், இந்த வருசம் பிள்ளைக்கு வேண்டாம். அடுத்த வருசம் பாப்போம்.”

“ஏம்மா? நல்லாத்தானே படிக்கா? மந்திரமெல்லாம் மணிமணியாச் சொல்லுதாளே.”

“படிப்புல குறையில்ல டீச்சர். துணி எடுக்கணும், சொக்காரங்களைக் கூப்பிடணும், வந்தவங்களுக்குச் சோறு போடணும். அவ அக்காவுக்குப் பண்ணின கடனே இன்னும் அடையல.”

அந்தப் பெண்பிள்ளை சற்றுத் தள்ளி நின்று எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. அந்த ஆண்டு அவளுக்குப் புதுநன்மை நடந்தது. அக்கம்பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பங்கள் கூடும் குழுவான அன்பியத்துப் பெண்கள் பொறுப்பெடுத்துக்கொண்டார்கள். ஆனால் எத்தனை தாய்மார் ஆசிரியையிடம் வந்து சொல்வார்கள்? வெட்கப்பட்டுக்கொண்டு, காய்ச்சல் என்றும் ஊருக்குப் போகிறோம் என்றும் காரணம் சொல்லிப் பிள்ளையை நிறுத்திக்கொள்கிறவர்களே அதிகம்.

திருச்சபைச் சட்டம் இதில் தெளிவாக இருக்கிறது. 1983-ல் வெளியான சட்டத் தொகுப்பின் 914-ஆம் எண், புத்தி விவரம் தெரிந்த பிள்ளைகளைத் தக்கபடி தயாரித்து, கூடிய விரைவில் நற்கருணை வாங்கச் செய்வது பெற்றோரின் கடமை, பங்குத்தந்தையின் கடமை என்கிறது. 848-ஆம் எண், வறுமையின் காரணமாக எவருக்கும் அருட்சாதனம் கிடைக்காமல் போகக் கூடாது என்கிறது. காணிக்கை கேட்டுத் தடுப்பது மட்டும்தான் தடுப்பதா? ஊரார் பார்வைக்குப் பயந்து ஒரு தாய் தன் பிள்ளையைப் பின்னுக்கு இழுக்கும்படி ஒரு வழக்கத்தை வளரவிடுவதும் தடுப்பதுதான்.

இந்த நோய் புதிதுமல்ல. புனித பவுல் கொரிந்து நகரத்துச் சபைக்கு எழுதிய முதல் கடிதத்தின் 11-ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். அங்கே வசதி உள்ளவர்கள் தங்கள் உணவை முந்திக்கொண்டு உண்டார்கள். சிலர் குடித்து மயங்கவும் செய்தார்கள். இல்லாதவர்கள் பசியோடு கிடந்தார்கள். பவுல் கொதித்துப்போனார். இப்படிக் கூடி உண்பது ஆண்டவரின் பந்தியே அல்ல என்றும், இல்லாதவர்களை வெட்கப்படுத்துகிறீர்கள் என்றும் கண்டித்தார். நற்கருணை ஏற்படுத்தப்பட்ட வரலாற்றை அவர் எடுத்துச்சொல்வதே இந்தக் கண்டனத்தின் நடுவில்தான். தகுதியின்றி அப்பத்தை உண்ணக் கூடாது என்ற எச்சரிக்கையும் அங்கேதான் வருகிறது. நாம் அதைப் பிள்ளைகளின் சின்னச் சின்னப் பாவங்களோடு மட்டும் சேர்த்துச் சொல்லிக்கொடுக்கிறோம். பவுல் சொன்னதோ ஏழையை அவமானப்படுத்திவிட்டுப் பந்தியில் உட்காருகிறவர்களுக்கு.

நம் பக்கத்திலும் இதே வழக்கு நடந்திருக்கிறது. நெல்லை மாவட்டம் வடக்கன்குளத்தில் 1872-ல் கட்டப்பட்ட திருக்குடும்ப ஆலயத்துக்கு ஒரே பீடம், ஆனால் இரண்டு நீண்ட கூடங்கள். சாதிக்கு ஒரு கூடமாக மக்கள் பிரிந்து உட்கார்ந்தார்கள், நடுவில் சுவர். ஒரே பூசையைக் கண்டார்கள், ஒரே நற்கருணையை வாங்கினார்கள், ஒருவரை ஒருவர் பார்க்காமல். 1910-ல் அந்தச் சுவர் அகற்றப்பட்டது. பிரிவினை தங்கள் உரிமை என்று வாதிட்டவர்கள் சென்னை உயர் நீதிமன்றம் வரை போய்த் தோற்றார்கள். இதே வடக்கன்குளத்தில்தான் 1745-ல் நீலகண்ட பிள்ளை ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயம் ஆனார். சாதி வேற்றுமை பாராமல் எல்லா மனிதரும் சமம் என்று அவர் வலியுறுத்தியது மேல்சாதியினரின் பகையைச் சம்பாதித்துத் தந்தது. 1752-ல் காற்றாடிமலையில் சுட்டுக்கொல்லப்பட்ட அவரை 2022-ல் திருச்சபை புனிதராக அறிவித்தது. அவர் ஞானஸ்நானம் பெற்ற ஊரிலேயே ஆலயத்துக்குள் சுவர் எழுந்தது என்றால், இந்தப் பந்தியைக் காப்பது எந்தத் தலைமுறைக்கும் முடிந்துபோன வேலையல்ல என்றுதான் பொருள்.

அந்தச் சுவர் விழுந்த அதே 1910-ல், ஆகஸ்டு 8 அன்று, திருத்தந்தை பத்தாம் பத்திநாதர் ஓர் ஆணை பிறப்பித்தார். அதற்கு முன் பல இடங்களில் 10, 12, ஏன் 14 வயதுவரைகூடப் பிள்ளைகளைக் காக்க வைத்தார்கள். அவரோ ஏறத்தாழ 7 வயதில், சாதாரண அப்பத்துக்கும் நற்கருணைக்கும் வேறுபாடு அறிந்த பிள்ளைக்கு நற்கருணை கொடுக்க வேண்டும் என்றார். முழு மறைக்கல்வியும் முடியும்வரை நிறுத்திவைக்கத் தேவையில்லை என்றார். அறிவு போதாது என்று சொல்லிக்கூடப் பிள்ளையைத் தள்ளிவைக்கக் கூடாது என்று திருத்தந்தை சொல்லியிருக்க, நாம் கவுன் வாங்கக் காசில்லை என்பதற்காகத் தள்ளிவைக்க விடுகிறோம்.

“வாழ்க்கையில ஒரு தடவை, பிள்ளைக்கு அழகு பார்க்கக் கூடாதா?” என்று கேட்பவர்கள் உண்டு. இந்தக் கேள்வியை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. தோளை மூடும் சீலைக்காகவே நம் பாட்டிமார் திருவிதாங்கூரில் அடிபட்டார்கள். 1859-ல்தான் அரசாணை வந்தது. உடுக்கும் உரிமைக்கே போராடிய மக்களிடம் போய் நல்ல துணி எதற்கு என்று கேட்க எனக்கு வாய் வராது. வெள்ளுடை வேண்டும். பிள்ளைக்குத் தலைவாரிப் பூ வைக்கும் தாயின் ஆசை புனிதமானது. அந்த ஆசையைக் கந்துவட்டிக்காரரிடம் கொண்டுபோய் நிறுத்தும் போட்டிதான் வேண்டாம் என்கிறேன். தேதியைக் குறிப்பதும் வகுப்பை நடத்துவதும் பங்குதான். போட்டியை ஒழிக்கும் அதிகாரமும் பங்கின் கையில்தான் இருக்கிறது.

என்ன செய்யலாம்? முதலில், உடை. எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே பருத்தித் துணியைப் பங்கே மொத்தமாக எடுத்து, உள்ளூர்த் தையல்காரர்களிடம் கொடுத்துத் தைக்கட்டும். முடிந்தவர்கள் பணம் கொடுக்கட்டும். யார் கொடுத்தார், யார் கொடுக்கவில்லை என்பது பங்குத்தந்தைக்கு மட்டும் தெரிந்தால் போதும். கிரீடம் வேண்டாம்.

இரண்டாவது, படம். கோயில் வளாகத்துக்குள்ளும் வாசலிலும் தனித்தனி ஃப்ளெக்ஸுக்கு இடமில்லை என்று அறிவிக்கட்டும். பங்கு ஏற்பாடு செய்த ஒருவர் மட்டும், பீடத்திலிருந்து விலகி நின்று படம் எடுக்கட்டும். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரே மாதிரி படம் போகட்டும்.

மூன்றாவது, சாப்பாடு. என் அம்மா காலத்தில் நன்மை வாங்குகிறவர்கள் நள்ளிரவிலிருந்து தண்ணீர்கூடக் குடிக்காமல் உபவாசம் இருப்பார்கள். பூசை முடிந்ததும் பிள்ளைகளை ஒன்றாக உட்காரவைத்துக் காலைச் சாப்பாடு போடுவதை அம்மா சொல்லிச் சொல்லி மகிழ்வார். 1964-லிருந்து உபவாசம் ஒரு மணி நேரம்தான். அதனால் அந்தப் பந்தியும் பல ஊர்களில் மறைந்துபோயிற்று. அதைத் திரும்பக் கொண்டுவரலாம். அன்பியத்துக்கு ஒரு வேலையாகப் பிரித்துக்கொண்டால் இட்லியும் சாம்பாரும் கேசரியும் பெரிய செலவல்ல. புதுநன்மைப் பிள்ளைகள் ஒரே வரிசையில் இலை முன் உட்காரட்டும். பெற்றோர் பரிமாறட்டும். பீடத்தில் வாங்கிய அப்பத்தின் பொருளை அந்த வரிசை அவர்களுக்கு எங்களைவிட நன்றாகச் சொல்லிக்கொடுக்கும்.

நான்காவது, மறுவாரம். இதுவே எல்லாவற்றிலும் முக்கியம் என்பேன். புதுநன்மை முடிந்த அடுத்த ஞாயிறே பாதிப் பிள்ளைகளைக் கோயிலில் காணோம் என்று வருந்தாத ஆசிரியர் இல்லை. அவர்களுக்கு ஒரு வேலை கொடுக்க வேண்டும். படுத்த படுக்கையாய் இருப்பவர்களுக்கு வீட்டுக்கே நற்கருணை கொண்டுபோகும் வழக்கம் தொடக்கத் திருச்சபையிலேயே இருந்தது. 1973 முதல் பொதுநிலையினரும் அதற்கு நியமிக்கப்படுகிறார்கள். எங்கள் பங்கில் அப்படிப் போகும்போது புதுநன்மைப் பிள்ளைகள் இரண்டிரண்டு பேராக உடன் போகிறார்கள். முக்காலியில் வெள்ளைத்துணி விரித்து, மெழுகுவர்த்தி ஏற்றி, பக்கத்தில் தண்ணீர் தம்ளர் வைத்து, காலையிலிருந்தே காத்திருக்கும் ஒரு பாட்டி இருக்கிறார். விழுங்கச் சிரமம் என்பதால் அப்பத்தில் ஒரு துணுக்கை மட்டும் நாவில் வைத்துத் தண்ணீர் கொடுப்பார்கள். தம்ளரைப் பிடித்திருப்பது பிள்ளைகள்தான். மகன்கள் வெளியூரில்; அந்த வாரத்தில் பாட்டியைத் தேடிவரும் முகங்கள் இவைதான். நன்மை வாங்குவது என்றால் வரிசையில் நின்று தனக்கு மட்டும் வாங்கிக்கொள்வதல்ல, அந்த அப்பத்தைப் போலத் தானும் பிறருக்காகப் பிட்கப்படுவது என்பதைப் பத்துப் பிரசங்கம் வைத்துப் புரியவைக்க முடியாது. ஒரு வீட்டுக்கு அழைத்துப்போனால் புரிந்துவிடும்.

ஆடம்பரம் கத்தோலிக்கர் வீட்டு நோய் மட்டுமல்ல. காதுகுத்து, சடங்கு, வளைகாப்பு என்று எல்லாச் சமயத்திலும் கடன் புகுந்திருக்கிறது. ஆனால் எங்களுக்குக் கூடுதல் பொறுப்பு உண்டு. நாங்கள் கொண்டாடுவது சொந்த வீட்டு விசேஷத்தையல்ல. எல்லாரையும் ஒரே பந்தியில் உட்காரவைத்தவரின் விருந்து அது. அதில் தராதரம் பார்க்க எங்களுக்கு உரிமை கிடையாது.

வரும் கோடைக்கு முன் பங்குப் பேரவைகள் கூடும். திருவிழாக் கணக்கும் கொடிமர வண்ணமும் பேசி முடித்த பிறகு புதுநன்மைத் தேதியை மட்டும் குறித்துக்கொண்டு கலைந்துவிட வேண்டாம். உடை, படம், பந்தி, வீடு சந்திப்பு ஆகிய நான்கையும் தீர்மானமாக எழுதி, பங்குத்தந்தை பூசையில் வாசிக்கட்டும். வசதி உள்ள வீடுகள் முதலில் கீழ்ப்படியட்டும். அவர்கள் நிறுத்தினால்தான் மற்றவர்கள் மூச்சுவிட முடியும். பணத்துக்காக ஒரு பிள்ளைகூட இந்த ஆண்டு வரிசையிலிருந்து விலகக் கூடாது என்பதை நம் பங்குகள் இலக்காக வைத்துக்கொள்ளட்டும். விலகிய பிள்ளை யாரென்று தெரிந்தால், அந்த வீட்டுக்குப் பேரவைத் தலைவரே நேரில் போய்க் கூட்டிவரட்டும்.