நீங்க மாத்தாத ஆயிலுக்கு நான் கட்டின பில்லு

இந்த வாரம் வெள்ளாமை பற்றி எழுதப் போவதில்லை. கார் பற்றி எழுதப் போகிறேன். அதுவும் நகரத்தில் இருந்து இதைப் படிக்கிற உங்களில் பலர் ஓட்டி முடித்து, பாலிஷ் போட்டு, எங்களை மாதிரி ஆட்களுக்கு விற்கிற கார் பற்றி. கொஞ்சம் காரமாகத்தான் இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆசைக்கு வாங்கின கார் இல்லை. ஆத்தாவுக்குச் சர்க்கரை கண்ணில் இறங்கிவிட்டது. மாசம் ஒரு தடவை மதுரைக்குப் போய் கண்ணுக்கு ஊசி போட வேண்டும். கல்லுப்பட்டியில் இருந்து பஸ் இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் எங்கள் ஊர் மெயின் ரோட்டில் இருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. பாவையை விரிக்கிற சொட்டு மருந்து விட்ட கண்ணோடு, வெயிலில் கண் கூசிக்கொண்டு, எழுபது வயசுக்காரி இரண்டு பஸ் மாறி ஏறி இறங்குவதைப் பார்த்தவனுக்குத்தான் தெரியும். போன தையில் மக்காச்சோளம் விற்ற காசோடு வீட்டுக்காரி சங்கிலியையும் அடகு வைத்து, இரண்டு லட்சத்து நாற்பதாயிரத்துக்கு ஒரு சின்ன டீசல் கார் வாங்கினேன்.

விற்றவர் மதுரையில் நல்ல வேலையில் இருக்கிற மனுசர். படித்தவர். "சிங்கிள் ஓனர். ஆயில் இப்பத்தான் மாத்தினேன், பாருங்க" என்று அளவுகோலை உருவிக் காட்டினார். தேன் மாதிரி இருந்தது. எனக்குப் பூரிப்பு. மீட்டரில் 82,000 கிலோமீட்டர். பானெட்டைத் தொட்டால் சூடு. "இப்பத்தான் பங்க் வரைக்கும் போயிட்டு வந்தேன்" என்றார். நான் கேட்டுக்கொண்டேன்.

நாலாவது மாசம், திருமங்கலத்துக்குக் கொஞ்சம் முன்னால், ஆயில் விளக்கு சிவப்பாக மின்னியது. ஓரங்கட்டுவதற்குள் இன்ஜினுக்குள் யாரோ சுத்தியலால் தட்டுகிற மாதிரி சத்தம். அப்புறம் நின்றுவிட்டது. வைகாசி வெயில். கறுப்புக் கண்ணாடி போட்ட ஆத்தாவைப் புளியமரத்தடியில் உட்கார வைத்தேன். "விடுடா, பஸ்லயே போயிருக்கலாம்" என்றாள். அன்றைக்கு ஊசி போடவில்லை.

மெக்கானிக் அண்ணன் ஆயில் சம்பைக் கழற்றி என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். உள்ளே இருந்தது ஆயில் இல்லை, ரோடு போடுகிற தார். ஆயிலை உறிஞ்சுகிற குழாயின் வாயில் ஒரு சல்லடை உண்டு. அதில் முக்கால்வாசி அடைப்பு. ஆயில் மேலே ஏறாமல் பேரிங் தேய்ந்து, கிராங்க் ஷாஃப்டில் கோடு விழுந்திருந்தது. "தம்பி, இது உங்க நாலு மாச அழுக்கு இல்ல. வருசக்கணக்கான அழுக்கு. விக்கிறதுக்காகப் புது ஆயில ஊத்திருக்காக. அது பழைய கசடைக் கழட்டிக் கொண்டாந்து இங்க அடைச்சிருச்சு."

வண்டி நம்பரை வைத்து விசாரித்ததில், கடைசியாக முறையான சர்வீஸ் நடந்தது 41,000 கிலோமீட்டரில். அதற்கப்புறம் எங்கேயும் பதிவு இல்லை. விற்றவருக்குப் போன் போட்டேன். மரியாதையாகத்தான் பேசினார். ஒரே ஒரு வாக்கியம்: "நீங்க பார்த்துத்தானே வாங்குனீங்க?"

இந்த வாக்கியத்தோடுதான் எனக்குச் சண்டை.

முதலில் கணக்கு. இந்த மாதிரி கார்களுக்குப் பத்தாயிரம் கிலோமீட்டர் அல்லது ஒரு வருசம், எது முந்துகிறதோ அப்போது ஆயிலும் ஃபில்டரும் மாற்றச் சொல்லிக் கையேட்டிலேயே போட்டிருக்கிறது. நெரிசலில் நின்று நின்று ஓடுகிற வண்டிக்கு அதற்கும் முன்னாலேயே. நாலு தடவை தவறியிருக்கிறது. தடவைக்கு நாலாயிரம் என்று வைத்தாலும் அவர் மிச்சம் பிடித்தது பதினாறாயிரம். நான் இன்ஜின் வேலைக்குக் கட்டினது 92,000. சங்கிலியைத் திருப்ப ஒதுக்கி வைத்திருந்த காசு அது. சங்கிலி இன்னும் அடகில்தான் இருக்கிறது.

மாற்றாமல் விட்ட ஆயில் என்பது மிச்சம் இல்லை, கடன். கார் வாங்கி, ஓட்டி, அனுபவித்தவர் கட்ட வேண்டிய கடன். அதைச் சொல்லாமல் அடுத்தவன் தலையில் எழுதிவிட்டு, "பார்த்துத்தானே வாங்குனீங்க" என்றால் என்ன நியாயம்?

"பார்த்து வாங்கு" என்கிற விதி எங்களுக்கு எங்கேயாவது பொருந்துகிறதா, சொல்லுங்கள். நான் மக்காச்சோளம் கொண்டு போனால் வியாபாரி ஈரப்பத மெஷினை வைக்கிறார். 14 சதவீதத்துக்கு மேல் போனால் விலையை வெட்டுகிறார். "பார்த்துத்தானே வாங்குறீங்க" என்று நான் சொல்ல முடியுமா? சொசைட்டியில் பால் ஊற்றினால் கொழுப்பும் திடச்சத்தும் அளந்துதான் காசு. நான் வாங்குகிற விதைப் பையில் முளைப்புத் திறன் எத்தனை சதவீதம், எந்தத் தேதியில் சோதித்தது என்று அச்சிட்டிருக்க வேண்டும். 1966-ம் வருசத்து விதைச் சட்டத்தின் கீழ் வந்த ஏற்பாடு அது. ஒரு கிலோ விதைக்கு இருக்கிற ஜாதகம் இரண்டரை லட்ச ரூபாய் காருக்கு இல்லை. ஆர்.சி. புத்தகத்தில் இன்ஜின் நம்பர் இருக்கும், அந்த இன்ஜின் எப்போது ஆயில் குடித்தது என்று இருக்காது. படிவம் 29, படிவம் 30-ல் கையெழுத்துப் போட்டால் பேர் மாறிவிடும். சொந்தக் காருக்கு முதல் 15 வருசம் தகுதிச் சான்று சோதனையும் கிடையாது. இங்கிலாந்தில் மூணு வருசம் தாண்டின காருக்கு வருசா வருசம் சோதனை. ஒவ்வொரு சோதனையிலும் மீட்டர் எவ்வளவு காட்டியது, எதில் தேறவில்லை என்பதை வண்டி நம்பரைப் போட்டு யாரும் அரசாங்கத் தளத்தில் காசில்லாமல் பார்க்கலாம். அது ஆயிலைச் சொல்லாது. மீட்டரைத் திருப்பினால் காட்டிக்கொடுத்துவிடும். இங்கே வாங்குகிறவனுக்கு அந்த அளவுகூட இல்லை.

சட்டம் உங்கள் பக்கம் என்பதும் எனக்குத் தெரியும். 1930-ம் வருசத்துப் பொருள் விற்பனைச் சட்டம் 16-ம் பிரிவு, சில விலக்குகள் தவிர, பொருளின் தரத்துக்கு விற்றவர் தானாகப் பொறுப்பாக மாட்டார் என்கிறது. அந்த விலக்குகளும் வியாபாரிக்குப் பொருந்தும் அளவுக்குத் தன் காரை விற்கிற தனி ஆளுக்குப் பொருந்தாது. 1872-ம் வருசத்து ஒப்பந்தச் சட்டம், சும்மா வாய் மூடி இருப்பது பொதுவாக மோசடி ஆகாது என்கிறது. தெரிந்தே மறைப்பது மோசடி என்றும் அதே 17-ம் பிரிவு சொல்கிறது. ஆனால் தார் மேல் தேன் ஊற்றிக் காட்டியதை நிரூபிக்க நான் மதுரைக் கோர்ட்டுக்கு எத்தனை நடை நடப்பது? அந்த நடைக்கு ஆத்தாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகலாம்.

மாட்டுத்தாவணி என்றால் உங்களுக்குப் பஸ் ஸ்டாண்டு. தாவணி என்றால் மாட்டுச் சந்தை. துண்டுக்குள் விரலைப் பிடித்துத் தரகு பேசின காலத்தில் ஏமாற்றே இல்லை என்று நான் கதை விட மாட்டேன். நிறைய உண்டு. அதனால்தான் பல்லைப் பிடித்துப் பார்த்தார்கள், நடக்க விட்டுப் பார்த்தார்கள். ஆனால் ஏரில் படுக்கிற மாட்டைச் சொல்லாமல் விற்றவனை அடுத்த சந்தையில் நாலு பேர் மத்தியில் கேட்பார்கள். அந்த வெட்கம் ஒரு காவல். காரை விற்றவரை நான் எந்தச் சந்தையில் போய்க் கேட்பேன்? அவர் போன் நம்பர் மட்டும்தான் என்னிடம் இருக்கிறது. அதையும் இப்போது எடுப்பதில்லை.

"விலையைக் குறைச்சுத்தானே குடுத்தேன்" என்பீர்கள். வயசுக்குக் குறைத்தீர்கள். இன்ஜினுக்குக் குறைக்கவில்லை. இன்ஜின் சீக்கு என்று சொல்லி ஒன்றரை லட்சம் கேட்டிருந்தால் நான் யோசித்து வாங்கியிருப்பேன், அல்லது விட்டிருப்பேன். அந்த யோசனையைத்தான் என்னிடம் இருந்து எடுத்துக்கொண்டீர்கள்.

"கிராமத்தான் மட்டும் யோக்கியமா?" இதற்கும் ஒளிக்காமல் பதில் சொல்கிறேன். இல்லை. ரேடியேட்டரில் கூலன்ட்டுக்குப் பதிலாகப் போர் தண்ணீரை ஊற்றி உப்புப் பிடிக்க விடுகிறவர்கள் எங்களிலும் உண்டு. டிராக்டரில் ஆயிலைத் தள்ளிப் போடுகிறவர்களும் உண்டு. ஆனால் கிணற்றில் ஆயில் இன்ஜின் ஓடின காலத்தில் எங்க அப்பா சோறு மறந்தாலும் ஆயில் பார்க்க மறக்க மாட்டார். அதற்கு முன்னால் மாட்டு வண்டி அச்சுக்கு விளக்கெண்ணெயில் வைக்கோல் கரியைக் குழைத்து மை போட்டார்கள். தேய்கிற இடத்துக்கு எண்ணெய் வேண்டும் என்பதற்குப் பட்டப் படிப்பு தேவையில்லை.

எங்கள் கல்லுப்பட்டி காந்திநிகேதன் ஆசிரமத்தில்தான் ஜே.சி. குமரப்பா தன் கடைசிக் காலத்தைக் கழித்தார். லண்டனில் கணக்குத் தணிக்கை படித்தவர், காந்தியோடு சேர்ந்து கிராமத்துக் கணக்குப் பார்க்க வந்தவர். நிலைத்த பொருளாதாரம் பற்றி 1945-ல் எழுதிய புத்தகத்தில் அவர் குரங்கையும் தேனீயையும் எடுத்துக்காட்டாகச் சொல்கிறார். குரங்கு தோப்புக்குள் புகுந்து பழத்தைத் தின்றுவிட்டுப் போய்விடும், தோப்புக்கு ஒன்றும் செய்யாது. தேனீயும் எடுக்கத்தான் செய்கிறது, ஆனால் பூவுக்கு மகரந்தம் சேர்த்துவிட்டுப் போகிறது. நாற்பத்தோராயிரம் கிலோமீட்டர் ஆயில் மாற்றாமல் ஓட்டிவிட்டு விற்கிறவர் இதில் எந்தப் பக்கம்? நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

நான் கேட்பது பெரிசாக ஒன்றும் இல்லை. சர்வீஸ் பில்லை ஒரு கவரில் போட்டு வையுங்கள். விற்கும்போது அந்தக் கவரோடு கொடுங்கள். ஆயில் மாற்றவில்லை என்றால் மாற்றவில்லை என்று சொல்லி விலை பேசுங்கள். வாங்க வருகிறவன் வருவதற்கு முன்னால் இன்ஜினைச் சூடாக்கி வைக்காதீர்கள்.

வாங்கப் போகிற எங்க ஆளுகளுக்கும் ஒரு வார்த்தை. காலையில் முதல் ஸ்டார்ட் உங்கள் முன்னால் நடக்கட்டும். பானெட் சூடாக இருந்தால் டீ குடித்துவிட்டு, ஆறின பிறகு வாருங்கள். டீசல் வண்டியில் ஆயில் மாற்றின கொஞ்ச நாளிலேயே கறுத்துவிடும். தேன் நிறத்தில் இருந்தால் விற்பதற்காக மாற்றியது என்று அர்த்தம், பழைய பில்லைக் கேளுங்கள். ஆயில் ஊற்றுகிற மூடியைத் திறந்து அடிப்பக்கத்தைப் பாருங்கள். கறுப்புக் களி ஒட்டியிருந்தால் திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுங்கள். பால் மாதிரி வெளுத்திருந்தால் ஆயிலில் தண்ணீர் கலக்கிறதா என்று மெக்கானிக் பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். நீல நிறத்தில் புகை வந்தால் இன்ஜின் ஆயிலைக் குடிக்கிறது. மெக்கானிக்குக்குக் கொடுக்கிற ஆயிரம் ரூபாய்க்குக் கூச்சப்படாதீர்கள். நான் கூச்சப்பட்டேன். படித்த மனுசரைச் சந்தேகப்படுகிற மாதிரி ஆகிவிடுமே என்று மெக்கானிக்கைக் கூட்டிப் போகவில்லை.

கார் இப்போது ஓடுகிறது. ஆத்தாவுக்கு அடுத்த ஊசி வருகிற செவ்வாய்க்கிழமை. முன்னால் கண்ணாடிக்குக் கீழே ஒரு நாற்பது பக்க நோட்டு கிடக்கிறது, ஆயில் மாற்றின தேதியும் கிலோமீட்டரும் அதில் இருக்கிறது.

உங்கள் காரிலும் கதவோரத்திலோ கண்ணாடியிலோ, அடுத்த ஆயில் எத்தனை கிலோமீட்டரில் என்று ஒரு சின்ன ஸ்டிக்கர் ஒட்டியிருப்பார்கள். இதைப் படித்து முடித்ததும் கீழே இறங்கிப் போய் அதைப் பாருங்கள், பக்கத்தில் மீட்டரையும் பாருங்கள். அந்தக் காரை நாளைக்கு வாங்கப் போகிறவன் யாரோ ஒருத்தன் எங்கேயோ கதிர் அறுத்துக்கொண்டிருக்கிறான்.