கேஸ் மாத்திரை: யாரைக் கேட்டு விழுங்குகிறோம்?

ஆலங்குடியாகட்டும், அறந்தாங்கியாகட்டும், மருந்துக் கடையில் "கேஸ் மாத்திரை ஒரு அட்டை" என்றால் கைக்கு வந்துவிடுகிறது. எத்தனை நாளாகச் சாப்பிடுகிறீர்கள் என்று அவர்களும் கேட்பதில்லை, நாமும் சொல்வதில்லை. நோன்பு மாதத்தில் கேட்கவே வேண்டாம். இஃப்தாருக்கு வடையும் சமோசாவும், ஸஹருக்கு முன் ஒரு மாத்திரை!

அந்த அட்டையில் பெரும்பாலும் இருப்பது ரானிடிடின் அல்லது பான்டாப்ரசோல்.

ரானிடிடினில் புற்றுநோயை உண்டாக்கக்கூடும் என்று கருதப்படும் என்.டி.எம்.ஏ என்ற மாசு இருப்பது 2019-இல் தெரியவந்தது. நாளாக ஆக, வெப்பம் ஏற ஏற அது மாத்திரைக்குள்ளேயே பெருகும் என்பதால் 2020 ஏப்ரலில் அமெரிக்கா அதைச் சந்தையிலிருந்தே விலக்கச் சொன்னது. இந்தியா 2022-இல் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலிருந்து மட்டும் நீக்கியது, தடை செய்யவில்லை. அமெரிக்கா வெப்பத்துக்கு அஞ்சி விலக்கிய மருந்து, புதுக்கோட்டை மாவட்டத்துச் சித்திரை வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே கிடந்தால் என்ன ஆகும்?

பான்டாப்ரசோல், ஓமெப்ரசோல் வகைக்கு வேறு எச்சரிக்கை. திடீர்ச் சிறுநீரகப் பாதிப்பு வரலாம் என்பதை மருந்துக் குறிப்புத் தாளில் சேர்க்கும்படி 2019-இல் நமது மத்திய மருந்துக் கட்டுப்பாட்டாளரே அறிவுறுத்தினார். அட்டையை வெட்டி நான்கு மாத்திரை வாங்குகிறவருக்கு அந்தத் தாள் எங்கே கிடைக்கும்? மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் சாப்பிடுவோருக்கு மக்னீசியமும் பி12 வைட்டமினும் குறையலாம்; எலும்பு முறிவுக்கும் இம்மருந்துக்கும் தொடர்பு இருக்கலாம் என்று ஆய்வுகள் சொல்கின்றன. மூட்டுவலி மாத்திரையும் சேர்த்து விழுங்கும் நம் வீட்டுப் பெரியவர்களை நினைத்தால்தான் கவலையாக இருக்கிறது. வலி மாத்திரையும் சிறுநீரகத்தைத்தான் பதம் பார்க்கும்.

இதைப் படித்துவிட்டு யாரும் மாத்திரையைத் தூக்கி எறிந்துவிட வேண்டாம். குடற்புண் உள்ளவருக்கும், இதய நோய்க்கு ஆஸ்பிரின் சாப்பிடும் பலருக்கும் இது வயிற்றில் ரத்தக்கசிவைத் தடுக்கும் மருந்து. நெடுநாள் சாப்பிட்டவர் சட்டென்று நிறுத்தினால் அமிலம் முன்னைவிட அதிகமாகச் சுரந்து நெஞ்சு எரியும். 'மாத்திரை இல்லாமல் முடியாது' என்று பலர் நினைப்பது இதனால்தான். மருத்துவர் சொல்லி, படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

இவை சட்டப்படி மருத்துவர் சீட்டுக்குத்தான் தர வேண்டிய மருந்துகள். அடுத்த முறை அரசு மருத்துவமனைக்குப் போகும்போது வீட்டிலுள்ள அட்டைகளை எல்லாம் ஒரு பையில் போட்டு எடுத்துப் போய், எது வேண்டும், எத்தனை நாளைக்கு என்று கேளுங்கள். சிறுநீர் குறைந்தாலோ, உடம்பில் தடிப்பும் காய்ச்சலும் வந்தாலோ அதுவரை காத்திருக்காமல் உடனே போக வேண்டும். பக்கவிளைவைப் பதிவு செய்ய 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணும் இருக்கிறது, பொதுமக்களே பேசலாம்.