ஒன்றை இரண்டாகக் காட்டும் கல்

இந்தப் பக்கத்தின்மேல் கண்ணாடிபோலத் தெளிந்த ஒரு கல்லை வைத்துப் பார்ப்பதாக எண்ணிக்கொள்ளுங்கள். ஒரு ‘க’ இருக்கும் இடத்தில் இரண்டு ‘க’ தெரிகின்றன! கல்லை மெள்ளத் திருப்பினால் ஓர் எழுத்து அசையாமல் நிற்க, மற்றது அதைச் சுற்றி வலம் வருகிறது. கண்ணில் கோளாறு ஏதுமில்லை. வித்தை எல்லாம் அந்தக் கல்லினுடையது. அதற்கு ‘ஐஸ்லாந்து ஸ்பார்’ என்று பெயர்.

பெயர்தான் புதிது, பொருள் நமக்குப் பழக்கமானதே. கோழிமுட்டை ஓடு, சலவைக்கல், சுண்ணாம்புக் கல் எல்லாம் இதன் உறவினர்கள்தாம். அனைத்துக்கும் மூலம் ‘கால்சைட்’ என்ற ஒரே பொருள். மற்றவற்றில் அது பொடிப்பொடியாக நெருங்கிக் கிடப்பதால் ஒளி ஊடுருவுவதில்லை. பாறையின் பொந்துகளில் அவசரமில்லாமல், மாசு கலக்காமல் வளர்ந்தால் அதுவே பளிச்சென்று தெளிந்த படிகமாகிவிடுகிறது.

வீட்டில் இருக்கும் ஸ்படிக மாலையும் இதுதானோ என்று கேட்பீர்கள். இல்லை. ஸ்படிகம் என்பது குவார்ட்ஸ் என்ற வேறு இனம். மிகக் கடினமானது, கண்ணாடியையே கீறிவிடும். கால்சைட்டை ஒரு கத்தி முனையாலேயே கீறலாம். அதன்மேல் எலுமிச்சம்பழச் சாறு விட்டால் சிறு குமிழிகள் எழும். தட்டினால் கண்டபடி உடையாமல், சாய்ந்த பெட்டிபோன்ற வடிவத்திலேயே துண்டு துண்டாகப் பிளக்கும்.

இந்தக் கல்லுக்குப் பெயர் கொடுத்த ஊர், ஐஸ்லாந்தின் கிழக்குக் கரையில் உள்ள ஹெல்குஸ்தாதிர். கடல் உள்ளே புகுந்த ஒரு கழியின் ஓரத்தில், எரிமலைப் பாறையின் இடுக்குகளில் இது விளைந்திருந்தது. அந்த நாட்டு மக்கள் ‘வெள்ளிப் பாறை’ என்று பொருள்படும் பெயரால் இதை அழைக்கிறார்கள். அந்நாளில் ஐஸ்லாந்து டென்மார்க் அரசரின் ஆட்சியில் இருந்ததால் கற்கள் கோப்பன்ஹேகன் நகருக்கு வந்து சேர்ந்தன. அங்கே பேராசிரியராக இருந்த ராஸ்மஸ் பார்த்தோலின் 1669-இல், ‘இதற்குள் நுழையும் ஒளி இரண்டாகப் பிரிந்துவிடுகிறது’ என்று புத்தகம் எழுதினார். ஏன் பிரிகிறது என்பதுதான் விளங்கவில்லை. ஹைகன்ஸ், நியூட்டன் போன்ற மேதைகளே அதைப் பற்றி யோசித்து யோசித்துப் பார்த்தார்கள்.

1808-ஆம் ஆண்டு ஒரு மாலை வேளை. பாரிஸில் மாலூஸ் என்ற ராணுவப் பொறியாளர், எதிரே இருந்த லக்ஸம்பர்க் அரண்மனை ஜன்னல்களில் அஸ்தமன சூரியன் மின்னுவதை இந்தக் கல்லின் வழியே பார்த்தார். இரண்டு சூரியன்கள் தெரிந்தன. கல்லைத் திருப்பினார். ஒன்று மங்கியது, இன்னொன்று பிரகாசித்தது! கண்ணாடியில் பட்டுத் திரும்பிய ஒளி, சாதாரண ஒளியைப்போல இல்லை என்பது அன்று தெரிந்தது.

இதைப் புரிந்துகொள்ள ஜன்னலும் கயிறும் போதும். நெடுக்குக் கம்பிகளுக்கு இடையே ஒரு கயிற்றை விட்டு, ஒரு முனையைக் கட்டி, மறுமுனையை மேலும் கீழுமாக ஆட்டுங்கள். அலை கம்பிகளைத் தாண்டி ஓடும். பக்கவாட்டில் ஆட்டினால் கம்பியில் மோதி அங்கேயே நின்றுவிடும். சாதாரண ஒளி எல்லாத் திசைகளிலும் ஆடி வருகிறது. நம் கல் அதை நெடுக்கு ஆட்டம், குறுக்கு ஆட்டம் என்று இரண்டாகப் பிரித்து விடுகிறது. அதனால்தான் இரண்டு ‘க’.

இரண்டில் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ள முடியுமா? எடின்பரோவைச் சேர்ந்த வில்லியம் நிகல் 1828-இல் வழி சொன்னார். கல்லைக் குறுக்காக அறுத்து, கனடா நாட்டு மரம் ஒன்றின் தெளிந்த பிசினால் திரும்ப ஒட்டினார். ஒரு கதிர் பிசினில் பட்டு ஒதுங்கிப் போய்விட்டது. மற்றது நேராக வெளியே வந்தது. இதுதான் ‘நிகல் பட்டகம்’.

அதன் பிறகு இந்தக் கல்லுக்கு வேலை குவிந்தது. சர்க்கரைக் கரைசலின் வழியே இப்படி வடிகட்டிய ஒளியை விட்டால், ஒளியின் ஆட்டம் சற்றே திரும்புகிறது. சர்க்கரை எவ்வளவோ, திருப்பமும் அவ்வளவு. நாக்கில் வைக்காமலேயே இனிப்பை அளந்துவிடலாம்! சர்க்கரை ஆலைகளில் தரம் பார்க்க இந்த முறை இன்றும் உண்டு. 19-ஆம் நூற்றாண்டு வைத்தியர்கள் நீரிழிவு நோயாளியின் சிறுநீரில் எவ்வளவு சர்க்கரை என்று கண்டதும் இதே வழியில்தான்.

நம் திருச்சியில் பிறந்த சி. வி. ராமனுக்கும் இந்தக் கல்லோடு தொடர்பு உண்டு. 1921-இல் ஆக்ஸ்ஃபர்டு மாநாட்டுக்குப் போய்விட்டு ‘நார்குண்டா’ என்ற கப்பலில் திரும்பிக்கொண்டிருந்தார். கடலின் நீலம், வானத்தின் நிழலே என்று ராலே பிரபு சொல்லியிருந்தார். ராமன் தம்மிடமிருந்த நிகல் பட்டகத்தின் வழியே கடலைப் பார்த்தார். மாலூஸின் ஜன்னலில் நடந்ததே இங்கும் நடந்தது. நீரில் பட்டுத் திரும்பிய வானத்து ஒளி மறைந்தது. கடல் வெளுத்துப் போயிற்றா? இல்லை, முன்னைவிட நன்றாக நீலம் காட்டியது! அந்த நீலம், நீருக்குள்ளேயே ஒளி சிதறுவதால் வருவது என்று கண்டார். அந்தத் தேடல்தான் 1928-இல் ‘ராமன் விளைவு’ ஆகி, 1930-இல் நோபல் பரிசாகவும் வந்தது.

இத்தனை உபகாரம் செய்த கல்லின் கதி என்ன? ஒளிக் கருவிகளுக்குக் கொஞ்சமும் கீறல் இல்லாத துண்டுதான் வேண்டும். தோண்டுகிறவன் கை தவறினால் பல ஆண்டுக்காலம் வளர்ந்த படிகம் நொடியில் பிளந்துவிடும். ஐஸ்லாந்துச் சுரங்கத்தின் நல்ல கற்கள் தீர்ந்துகொண்டே வந்து, 20-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியோடு தோண்டும் வேலையும் ஏறக்குறைய முடிந்துவிட்டது. மெக்ஸிகோ, தென் ஆப்பிரிக்கா, சைபீரியா என்று வேறு இடங்களைத் தேட வேண்டியதாயிற்று. இரண்டாம் உலகப் போரின்போது, துப்பாக்கிக் குறிக்கருவிகளுக்காகக் கலிபோர்னியப் பாலைவனத்திலும் தோண்டினார்கள்.

நல்ல வேளையாக, 1930-களில் எட்வின் லாண்ட் என்ற அமெரிக்கரின் மலிவான ‘பொலராய்ட்’ தகடு வந்து, கல்லின் சுமையில் பெரும் பகுதியை ஏற்றுக்கொண்டது. சில வகை வெயில் கண்ணாடிகளில் இருப்பது அதுதான். ஆனாலும் சக்தி மிகுந்த லேசர் ஒளியைத் தகடு தாங்காது. அங்கே இன்றும் நம் கல்லைத்தான் தேடுகிறார்கள்.

பழைய ஹெல்குஸ்தாதிர் சுரங்கம் 1975 முதல் பாதுகாக்கப்பட்ட இடம். யாரும் போய்ப் பார்க்கலாம். பாறையில் மின்னும் சிறு துணுக்கைக்கூட எடுத்து வரக் கூடாது. இரு நூற்றாண்டுகளுக்கு மேல் அள்ளி அள்ளி எடுத்த பிறகு போட்ட சட்டம் அது. கொஞ்சம் முன்னாலேயே போட்டிருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும்.