ஒவ்வொரு கண்ணாகச் சோதியுங்கள்



கரும்பலகையைத் தலை சாய்த்துப் பார்க்கும் பிள்ளையை, "கவனம் எங்கே?" என்று சிலர் அதட்டுவதுண்டு. அப்பிள்ளைக்கு ஒரு கண்ணில் பார்வையே குன்றியிருக்கலாம். மற்றக் கண் நன்றாக இருப்பதால் பிள்ளைக்கே அது தெரியாது, வீட்டாருக்கும் தெரியாது.

இப்படிச் சத்தமில்லாமல் வரும் அபூர்வ நோய்களில் ஒன்று 'கோட்ஸ் நோய்'. ஸ்காட்லாந்துக்காரரான ஜார்ஜ் கோட்ஸ் என்னும் கண் மருத்துவர் 1908ஆம் ஆண்டில் இதை விவரித்து எழுதினார். அவர் பெயரே நோய்க்கும் நிலைத்துவிட்டது.

கேமராவுக்குப் பிலிம் எப்படியோ, கண்ணுக்கு விழித்திரை அப்படி. அதற்கு உணவு கொண்டு செல்பவை மயிரிழை போன்ற இரத்தக் குழாய்கள். இந்நோயில் அவற்றுள் சில புடைத்துப் பலமிழந்துவிடும். விரிசல் விட்ட ரப்பர் குழாயில் தண்ணீர் கசிவதுபோல, இரத்தத்தின் நீரும் கொழுப்பும் கசிந்து விழித்திரையின் அடியில் மஞ்சளாகத் தேங்கும். தேக்கம் மிகுந்தால், ஈரச் சுவரில் சுண்ணாம்பு உரிவதுபோல விழித்திரை கழன்றுவிடும். அதன்பின் பார்வையை மீட்பது மிகக் கடினம்.

பெரும்பாலும் பத்து வயதுக்குட்பட்ட ஆண் பிள்ளைகளுக்கே, அதுவும் ஒரு கண்ணில் மட்டுமே இது வருகிறது. தொற்று நோயன்று, பொதுவாகப் பரம்பரை நோயுமன்று. கண்ணூறு பட்டு வருவதுமில்லை. ஆகவே, பெற்ற தாயை யாரும் குறை சொல்ல வேண்டாம்.

அறிகுறிகள் யாவை? ஒரு கண் மாறுகண்ணாகத் திரும்பும். கருமணியின் நடுவே வெள்ளையோ மஞ்சளோ தெரியும். வெளிச்சம் போட்டு எடுத்த படத்தில் ஒரு கண் சிவப்பாகவும், மற்றது மஞ்சளாகவும் விழும். படத்தில் அப்படி விழுந்தாலே நோய் என்று அஞ்ச வேண்டாம். ஆனால் டாக்டரிடம் காட்டாமலும் இருக்க வேண்டாம். ஏனெனில், உயிருக்கே ஆபத்தான விழித்திரைப் புற்றுநோயும் இதே அடையாளத்தைக் காட்டும். எது என்பதை மருத்துவரே பிரித்தறிய வேண்டும்.

தாய்ப்பால் விடுவதும், பச்சிலைச் சாறு பிழிவதும் வேண்டவே வேண்டாம். கண்ணாடி போட்டாலும் கசிவு நிற்காது. தொடக்கத்திலேயே கண்டுகொண்டால், லேசர் ஒளியாலோ கடுங்குளிர் சிகிச்சையாலோ கசியும் குழாய்களை அடைத்துவிடலாம். மிஞ்சிய பார்வையையாவது காக்கலாம்.

இன்று மாலையே ஒன்று செய்யுங்கள். பிள்ளையின் ஒரு கண்ணை உள்ளங்கையால் மூடி, சுவரில் தொங்கும் நாட்காட்டியின் எண்களைப் படிக்கச் சொல்லுங்கள். பிறகு மறு கண்ணை மூடிப் படிக்கச் சொல்லுங்கள். ஒரு பக்கம் தடுமாறினால், மறுநாளே கிளினிக்கில் காட்டி, கண் மருத்துவரிடம் அனுப்பும்படி கடிதம் கேளுங்கள். ஒருநாள் கூலி போனால் மறுநாள் சம்பாதிக்கலாம். பிள்ளையின் கண் போனால் எங்கே சம்பாதிப்பது?